நெல்லிக்குப்பத்து மிட்டாயும் கண்டங்கத்திரிப் புகையும்

அண்ணாகிராமம் ஒன்றியத்தைத் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. கடலூர் மாவட்டத்துல பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் அக்கம்பக்கமா இருக்கற கிராமங்கள். தென்பெண்ணை, கெடிலம் தண்ணி. பலா, முந்திரி, அப்புறம் கரும்பு. கரும்புன்னா சும்மா இல்லீங்க. ஆலை ஓடுற மாசத்துல கடலூர் பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்தா நெல்லிக்குப்பம் வந்துடுச்சுன்னு கண்ணைத் திறக்காமலே சொல்லிடலாம். மொலாசஸ் வாசனை அப்படி.

இந்தப் பதிவு பல்வலி பத்தி. கரும்புல ஏன் ஆரம்பிச்சேன்னா, நம்ம பக்கத்துப் பல்வலியோட சரித்திரத்துல பாதி அங்கதான் இருக்கு. (டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பழைய சமாச்சாரங்களைத் தோண்டற ஆசாமி, அவ்வளவுதான்.)

நெல்லிக்குப்பத்துல சர்க்கரை ஆலை தொடங்கினது 1842ல்னு பாரி கம்பெனியோட வரலாறு சொல்லுது. இந்தியாவுலேயே முதல் ஆலைன்னும் சொல்லிக்குவாங்க. 1788ல் மெட்ராஸுக்கு வந்த தாமஸ் பாரி பேருல வளர்ந்த கம்பெனி. சென்னைக்காரங்க பஸ்ஸுல "பாரிஸ், பாரிஸ்"னு கூவறது இவர் பேரைத்தான். அந்தக் கம்பெனி சர்க்கரையோட நிக்காம 1914ல் மிட்டாய் வியாபாரத்துலயும் இறங்குச்சு. அந்த மிட்டாயும் நெல்லிக்குப்பத்துலதான் தயாராச்சு. லாக்டோ கிங், காஃபி பைட் எல்லாம் ஞாபகம் இருக்கா? பல்லுல ஒட்டிக்கிட்டா நாக்கால நோண்டி நோண்டி எடுக்கணுமே, அதேதான். 2004ல் மிட்டாய்ப் பிரிவை கொரியாவின் லோட்டே வாங்கிடுச்சு.

பாரி மேல நான் பழி போடலை. எங்க பக்கத்துல ரெண்டு மூணு தலைமுறைக்குச் சோறு போட்ட ஆலை அது. ஆனா உலகத்துல எங்கெல்லாம் சர்க்கரை மலிஞ்சதோ அங்கெல்லாம் பின்னாடியே சொத்தைப் பல்லும் போயிருக்கு. இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தோட பல்லு கறுத்துப் போயிருந்ததை 1598ல் பார்த்த ஒரு ஜெர்மன் பயணி, சர்க்கரையை அதிகமாத் தின்னறதால ஆங்கிலேயருக்கு வர்ற கோளாறுன்னு எழுதி வெச்சிருக்கார். அப்போ சர்க்கரை பணக்காரங்க சாமான், அதனால சொத்தையும் பணக்காரங்க வியாதியா இருந்திருக்கு. இப்போ தலைகீழ். அங்கன்வாடிப் பிள்ளைங்க சிரிக்கும்போது பாருங்க, தெரியும்.

சர்க்கரைக்கும் சொத்தைக்கும் சம்பந்தம் இருக்குன்னு நிரூபிக்க ரொம்ப நாள் ஆச்சு. அதுவரைக்கும் உலகம் பூரா ஒரே நம்பிக்கைதான், பல்லுக்குள்ள புழு இருக்கு. பாபிலோன் களிமண் ஏடுகள்ல பல் புழுவுக்கு மந்திரமே இருக்கு. சுசுருத சம்ஹிதையில அதுக்குப் பேர் கிருமிதந்தம். நம்ம ஊர்ல "பூச்சிப் பல்". பேர்தான் வேற வேற, கதை ஒண்ணு.

அந்தப் புழுவை விரட்ட நம்ம பக்கம் கண்டங்கத்திரி. காய்ஞ்ச பழத்தோட விதையை நெருப்புல போட்டு, வர்ற புகையை ஒரு குழாய் வழியா வாய்க்குள்ள பிடிக்கணும். புகை பிடிச்ச ஆளு பக்கத்துல இருக்கற தண்ணியில துப்பினா வெள்ளை வெள்ளையா, சுருண்டு சுருண்டு ஏதோ மிதக்கும். "பார்த்தியா, பூச்சி விழுந்துடுச்சு!" ஆயாக்கள் இன்னைக்கும் சத்தியம் பண்ணுவாங்க.

இந்த இடத்துலதான் எனக்கு ஆச்சரியம். ஐரோப்பாவுலயும் நூத்துக்கணக்கான வருஷமா இதே வைத்தியம் நடந்திருக்கு. அங்க கண்டங்கத்திரிக்குப் பதில் ஹென்பேன்னு ஒரு விஷச்செடியோட விதை. ரெண்டும் கத்தரிக்காய்க் குடும்பம். இந்தக் குடும்பத்துச் செடிகளோட விதையை உடைச்சுப் பார்த்தா உள்ள இருக்கற முளைக்கரு வளைஞ்சு சுருண்டு, அச்சு அசலா புழு மாதிரியே இருக்கும். சூட்டுல விதை வெடிச்சா அது வெளிய வந்துடும். ஆக, தண்ணியில மிதந்த "பூச்சி" பல்லுலேர்ந்து வந்ததில்லை, விதையிலேர்ந்து வந்தது. 1597ல் ஜான் ஜெரார்டுன்னு ஒரு ஆங்கிலேயர் தன்னோட மூலிகைப் புத்தகத்துல, சந்தையில பல் பிடுங்கற எத்தன்கள் யாழ் மாதிரி ஒரு வாத்தியத்தோட நரம்பைத் துண்டு துண்டா நறுக்கித் தண்ணியில போட்டு, புழுன்னு காட்டிக் காசு பறிக்கறதை அம்பலப்படுத்தி இருக்கார். எத்தன் வேணும்னே செஞ்சான். நம்ம ஆயா நெசமாவே நம்பிச் செஞ்சாங்க. ரெண்டையும் ஒரே தராசுல வைக்க எனக்கு மனசு வரலை.

அந்தப் புகையில வலி குறையுமான்னு கேட்டா, சில பேருக்குக் கொஞ்ச நேரம் குறைஞ்சிருக்கலாம். லவங்கமும் அப்படித்தான். அதுல இருக்கற யூஜெனால் நிஜமாவே மரத்துப் போக வைக்கிற சரக்கு. பல் மருத்துவர்களே தற்காலிகமா அடைக்கற மருந்துல அதைச் சேர்க்கறாங்க, ஆஸ்பத்திரி வாசனையே அதுதான். ஆனா எருக்கம்பால் விடறது மட்டும் வேண்டவே வேண்டாம். ஈறு வெந்து போயிடும். வலிக்கிற பல்லோரம் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கிக்கறதும் அதே கதை, உள்ள புண்ணாயிடும். பல் தேய்க்கறேன்னு புகையிலைப் பொடியை வெச்சு இழுக்கறது இன்னொரு வழக்கம். பல்பொடியிலும் பேஸ்ட்டிலும் புகையிலை சேர்க்கக்கூடாதுன்னு 1992லேயே தடை வந்தாச்சு. வலி நிக்குதுன்னு ஆரம்பிச்சு விட முடியாம மாட்டிக்கிட்டவங்க எத்தனை பேர்!

சரி, புழு எப்போ செத்துச்சு? 1728ல் பாரிஸ்ல (இது நிஜ பாரிஸ்) பியேர் ஃபோஷார் பல் வைத்தியத்துக்குன்னே பெரிய புத்தகம் எழுதினார். நுண்ணோக்கியில தேடிப் பார்த்தேன், புழு எதுவும் காணோம்னு சொன்ன மனுஷன். அதுக்கு முன்னாடியே 1683ல் லேவன்ஹூக் தன் பல்லுல படிஞ்ச வெள்ளை மாவைச் சுரண்டி லென்ஸ்ல வெச்சுப் பார்த்து, உள்ள குட்டி குட்டி ஜீவராசிகள் ஓடறதைப் பார்த்துட்டார். ஆனா அதுக்கும் சொத்தைக்கும் முடிச்சுப் போட இன்னும் 200 வருஷம் ஆச்சு. போட்டவர் வில்லபி மில்லர், பெர்லின்ல வேலை பார்த்த அமெரிக்கர். பிடுங்கின பல்லை எச்சிலும் ரொட்டியும் கலந்து உடம்புச் சூட்டுல வெச்சார். கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் தின்னு அமிலம் கக்குச்சு, அமிலம் பல்லை அரிச்சுது. 1890ல் புத்தகமா வந்துடுச்சு. ஆக ஆயா சொன்னது முழுப் பொய்யில்லை பாருங்க. பூச்சி இருக்கு, ஆனா கண்ணுக்குத் தெரியற சைஸ்ல இல்லை :-)

அடுத்தது கொஞ்சம் கசப்பான கதை. எவ்வளவு சர்க்கரை, எப்போ தின்னா ஆபத்துன்னு தெரிஞ்சுக்க சுவீடன்ல ஒரு சோதனை நடந்தது. லுண்ட் நகரத்துல விபெஹோல்ம் ஆஸ்பத்திரி. மனவளர்ச்சி குறைஞ்சவங்களை வெச்சிருந்த இடம். 1940களின் பின்பாதியில தொடங்கி, அவங்க சம்மதம் கேக்காம, பல்லுல ஒட்டற மாதிரியே தனியாத் தயாரிச்ச டாஃபியைத் தினமும் கொடுத்தாங்க. மிட்டாய்க் கம்பெனிகளும் இதுக்குப் பணம் கொடுத்திருக்கு. பல பேருக்குப் பல்லெல்லாம் நாசமாப் போச்சு. 1954ல் வந்த முடிவு: சாப்பாட்டோட சேர்த்துச் சர்க்கரை சாப்பிட்டா சொத்தை அவ்வளவு கூடலை. சாப்பாட்டு வேளைக்கு நடுவுல, அடிக்கடி, ஒட்டற பண்டமாத் தின்னவங்களுக்குத்தான் எகிறிடுச்சு. இன்னைக்கும் சுவீடன்ல பிள்ளைங்களுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய்னு ஒரு வழக்கம் இருக்கு, அது இந்த முடிவுலேர்ந்து வந்தது. அந்த வழக்கத்தைப் புகழ்ந்து எழுதறவங்க பாதிப்பேர் அந்த நோயாளிகளைப் பத்தி ஒரு வார்த்தை எழுத மாட்டாங்க.

அந்தக் கணக்கை நம்ம ஊருக்குக் கொண்டு வாங்க. பொங்கல் அன்னைக்கு ஒரு முழுக் கரும்பைக் கடிச்சுத் துப்பறதைவிட, ஒரு நாளைக்கு ஆறு தடவை சர்க்கரை போட்ட டீயும் நடுவுல பிஸ்கட்டும்தான் பல்லுக்கு மோசம். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் போல வாய்க்குள்ள அமிலம் நிக்கும். எச்சில் வந்து சரிபண்றதுக்குள்ள அடுத்த டீ வந்துடும். குழந்தைக்குப் பால்புட்டியில சர்க்கரை கரைச்சுக் கொடுத்து அப்படியே தூங்க வைக்கிறதும் இதே கதைதான். தூக்கத்துல எச்சில் சுரக்கறது ரொம்பக் குறைவு, ராத்திரி பூரா ஊறிக்கிட்டே இருக்கும்.

வலி ஏன் அப்படி உயிர் போற மாதிரி இருக்குன்னு பார்த்தா, கையில அடிபட்டா வீங்கறதுக்கு இடம் இருக்கு. பல்லுக்குள்ள இருக்கற கூழுக்கு (நரம்பும் ரத்தக்குழாயும் அங்கதான்) நாலு பக்கமும் கல்லுச் சுவர். வீங்க இடமில்லாம அழுத்தம் ஏறும். படுத்தா தலைப்பக்கம் ரத்தம் கூடும், அதனாலதான் பகல்ல சும்மா இருந்த பல்லு ராத்திரி பதினொரு மணிக்கு விண் விண்னு தெறிக்கும். பஸ்ஸும் கிடையாது, டாக்டரும் கிடையாது. பல்வலிக்குன்னே ஒரு நேரங்காலம் இருக்கு போங்க.

இதுல எல்லாரும் ஏமாறற இடம் ஒண்ணு உண்டு. நாலு நாள் துடிச்ச பல்லு அஞ்சாம் நாள் தானா அடங்கிடும். "லவங்கம் வெச்சேன், சரியாப் போச்சு"ன்னு நிம்மதியா இருப்போம். சரியாப் போகலை. உள்ள இருந்த நரம்பு செத்துப் போச்சு, செத்ததுக்கு வலிக்காது. கிருமி இப்போ வேர் வழியா இறங்கி எலும்புக்குப் போயிட்டிருக்கும். மாசக் கணக்குல சத்தமே இல்லாம இருந்துட்டு, ஒருநாள் கன்னம் பன் மாதிரி வீங்கும்.

இது உயிர் விஷயம்னு அந்தக் காலத்து லண்டன்காரனுக்குத் தெரிஞ்சிருந்தது. 17ம் நூற்றாண்டு லண்டன்ல வாராவாரம் வந்த சாவுப் பட்டியல்ல "பல்"னே ஒரு தலைப்பு உண்டு. (பல் முளைக்கிற வயசுல செத்த கைக்குழந்தைகளையும் அதுல சேர்த்துட்டாங்க, அதனால எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது.) 1836ல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் ஒரு வீக்கத்தை விவரிச்சார். பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப் பல்லுலேர்ந்து தொடங்கி, நாக்குக்கு அடியில, தாடைக்கு அடியில பரவி, நாக்கையே மேல தூக்கி மூச்சை அடைக்கிற வீக்கம். இன்னைக்கும் லுட்விக் ஆஞ்சைனான்னு அவர் பேர்லதான் இருக்கு. இன்னைக்கும் வருது. சர்க்கரை வியாதி இருக்கறவங்க கூடுதலா உஷாரா இருக்கணும்.

நம்ம நாட்டுல இதுக்கெல்லாம் யார்கிட்ட போனாங்க? பலூசிஸ்தானத்து மெஹர்கட்ல 7,500லேர்ந்து 9,000 வருஷத்துக்கு முந்தி வாழ்ந்தவங்க கடைவாய்ப் பல்லுல துளை போட்டிருக்காங்கன்னு 2006ல் நேச்சர் இதழ்ல வந்தது. மணி கோக்கறவங்க ஊசியில, கல்லு முனையால! நடுவுல பல ஆயிரம் வருஷம் தாண்டி நம்ம தாத்தா காலத்துக்கு வந்தா, பல் பிடுங்கறவர் நாவிதர், இல்லேன்னா சந்தையில குறடோட உட்கார்ந்திருக்கறவர். சென்னை மாதிரி பட்டணங்கள்ல சீனப் பல் வைத்தியர்கள். ஹூபே மாகாணத்துலேர்ந்து வந்த குடும்பங்கள், அப்பா பிள்ளைக்குக் கத்துக் கொடுத்த தொழில். சுத்தமான கை வேலைன்னு பேர் வாங்கினவங்க.

முறையான படிப்பு வந்தது ரஃபியுதீன் அகமதுன்னு ஒரே ஒரு மனுஷனோட பிடிவாதத்துல. டாக்கா பக்கம் பிறந்தவர். அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல 1915ல் பல் மருத்துவம் முடிச்சு, ஊருக்குத் திரும்பி, 1920ல் கல்கத்தாவுல இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதுக்குக் காசு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐஸ்கிரீம் கடை! நியூயார்க் சோடா ஃபவுண்டன்னு கடை வெச்சு, அந்த லாபத்துல கல்லூரி நடத்தினார். ஒரு கையால சொத்தை, ஒரு கையால வைத்தியம்னு கிண்டல் பண்ணத் தோணும். ஆனா வேற யாரும் காசு கொடுக்காத காலம் அது. 1949ல் கல்லூரியை அப்படியே அரசாங்கத்துக்கே கொடுத்துட்டார். 1964ல் பத்ம பூஷண். முகமது அலி ஜின்னாவோட தங்கை ஃபாத்திமா ஜின்னாகூட கல்கத்தாவுல பல் மருத்துவம் படிச்சு 1923ல் பம்பாயில கிளினிக் வெச்சவங்கதான்.

1948ல் பல் மருத்துவர்கள் சட்டம் வந்தது. படிச்சவங்க பதிவேட்டில் ஏ பிரிவு. படிக்காம, ஆனா 5 வருஷத்துக்குக் குறையாம அதையே பிழைப்பா வெச்சிருந்தவங்க பி பிரிவு. நியாயமான ஏற்பாடுன்னுதான் எனக்குத் தோணுது. பிழைப்பையும் கெடுக்கலை, இனிமே கதவு சாத்தியாச்சுன்னும் சொல்லியாச்சு. ஆனா சாத்தின கதவு வழியா இன்னைக்கும் ஆள் வந்துக்கிட்டுதான் இருக்காங்க. போர்டுல பட்டமும் பதிவு எண்ணும் இருக்கான்னு பார்த்துட்டு வாயைத் திறக்கறது நல்லது.

தமிழ்நாட்டுக்கு 1953ல் சென்னை மருத்துவக் கல்லூரியில பல் பிரிவு. அப்புறமா அது தனி அரசுக் கல்லூரி ஆச்சு. நம்ம தென்னாற்காட்டுக்கு வந்தது 1980ல், சிதம்பரத்துல, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி. 1929ல் தொடங்கின பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரிக்கும் முந்தியே (அது 1985) பல் கல்லூரியை ஆரம்பிச்சிருக்கு. எங்க ஒன்றியத்து ஜனங்க கடலூர் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிச்சு சிதம்பரம் போகணும், ஒரு நாள் கூலி போச்சு. ஆனாலும் குறடு வெச்சிருந்த ஆளையும் கண்டங்கத்திரியையும் விட்டா வேற வழி இல்லாம இருந்த பக்கத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க.

2013ல் பல்கலைக்கழகம் அரசு நிர்வாகத்துக்குள்ள வந்தது. ஆனா மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களுக்குக் கட்டணம் மட்டும் மத்த அரசுக் கல்லூரிகளைப்போல பல மடங்கா நீடிச்சது. 2020 டிசம்பர்ல போராட்டத்துல உட்கார்ந்தவங்க, 50 நாளுக்கு மேல நகரலை. 2021ல் கல்லூரிகளை உயர்கல்வித் துறையிலேர்ந்து சுகாதாரத் துறைக்கு மாத்தி, கடலூர் மாவட்டத்துக்கான அரசுக் கல்லூரிகளா ஆக்கினாங்க. 2023ல் புதுக்கோட்டையிலும் ஒரு அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு.

இவ்வளவு இருந்தும் எப்போ போகணும்னு நமக்குத் தெரியறதில்லை. கடைசி நாள்தான் போறோம். விசாரிச்சவரைக்கும் சொல்றேன். ஜில்லுன்னு தண்ணி பட்டா சுரீர்னு இழுத்து, சில நொடியில அடங்கிடுதா? அவசரமில்லை, ஆனா அந்த வாரமே காட்டிடுங்க. அடைச்சாப் போதும், செலவும் கம்மி. சூடோ ஜில்லோ பட்ட பிறகு நிமிஷக் கணக்குல வலிக்குது, சும்மா இருக்கும்போதே வலிக்குது, தூக்கத்துலேர்ந்து எழுப்புதுன்னா கூழ் வரைக்கும் போயாச்சு. ரெண்டொரு நாள்ல போகணும். வேர் சிகிச்சை இல்லேன்னா பிடுங்கறது, வேற வழியில்லை. கடிச்சா மட்டும் வலி, ஈறுல பரு மாதிரி சீழ்க்கட்டின்னா வேருக்கு அடியில சீழ் இருக்கு. மெடிக்கல் ஷாப்ல ஆன்டிபயாடிக் வாங்கி முழுங்கினா வீக்கம் வடியும், காரணம் உள்ளேயே இருக்கும், திரும்ப வரும்.

காய்ச்சலோட வீக்கம், வாயைத் திறக்க முடியலை, எச்சில் முழுங்க முடியலை, கழுத்துக்கோ கண்ணுக்கோ வீக்கம் ஏறுதுன்னா விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே, பல் கிளினிக் தேடாம, பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. 108 இருக்கு. நடந்தாலோ மாடி ஏறினாலோ தாடை வலிக்கி, உட்கார்ந்தா நின்னுடுதுன்னா அது பல்லே இல்லாம இதயமா இருக்கலாம், அதையும் தள்ளிப் போடாதீங்க. வெத்தலை பாக்கு, புகையிலை போடறவங்களுக்கு ரெண்டு மூணு வாரமா ஆறாத புண்ணு, வாய் வரவரத் திறக்க மாட்டேங்குதுன்னா, வலி இல்லேன்னாலும் போகணும். வலி இல்லாததுதான் அங்க பிரச்சினையே.

மாசமா இருக்கற பொண்ணுங்களைப் பல்லுக்குக் கூட்டிட்டுப் போகாம குழந்தை பிறக்கட்டும்னு வலியோட வெச்சிருக்கற வழக்கம் நம்ம பக்கம் நிறைய. தேவையே இல்லை. டாக்டர்கிட்ட எத்தனை மாசம்னு சொல்லிட்டா போதும், நடு மூணு மாசம்தான் வசதி, அவசரம்னா எப்போ வேணும்னாலும் செய்வாங்க.

அப்புறம் அந்தப் பிரசித்தி பெற்ற பயம். மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடுமாம். பல்லுக்கு உணர்ச்சி கொண்டு போற நரம்பு வேற, பார்வைக்கான நரம்பு வேற. ரெண்டும் மூளையிலேர்ந்து தனித்தனியாக் கிளம்பறது. வயசான காலத்துல பல்லும் விழும், கண்ணுல புரையும் வரும், அதனால வந்த முடிச்சு இது. இந்த ஒரு பயத்தால வாய் நிறைய சீழ் வேரை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கற தாத்தாக்கள் உங்க வீட்டுலயும் இருந்தா, கடலூர் பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட்டா எடுங்க. தனியா அனுப்பினா பாதி வழியில இறங்கி வீட்டுக்கு வந்துடுவாங்க.